பத்து ஆல்பம் கேட்டிருந்தாய்

பாளையங்கோட்டை

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் இப்போது பியானோ படிக்க வருகிற பிள்ளைகளின் சத்தம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசிப்பதை நான் இன்னும் விடவில்லை. விட்டால் விரல் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயம்தான் காரணம், பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துவிடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் காலத்துக்கும் பிடித்த பத்து ஆல்பம் எவை என்று கேட்டு, உன் பட்டியலையும் அனுப்பியிருக்கிறாய். அதில் எட்டு சினிமா. குறையாகச் சொல்லவில்லை. நம் ஊரில் ஆல்பம் என்றாலே படத்துப் பாட்டு கேசட்தானே. ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று வாங்கிக் கேட்டவர்கள் நாம். அந்தப் பாட்டுகள் ஏன் அந்த வரிசையில் வருகின்றன என்பதற்குக் கதையில் காரணம் இருக்கும், இல்லையென்றால் கேசட் கம்பெனிக்காரருக்குத் தெரிந்திருக்கும். இசை அமைத்தவர் நாற்பது நிமிஷத்தையும் முழுசாகத் தன் கையில் எடுத்துக்கொண்டு "இப்படித்தான் கேட்க வேண்டும்" என்று தருவது நமக்கு அதிகம் வாய்க்கவில்லை. அதனால் சினிமாவை ஒதுக்கிவிட்டு யோசித்தேன். பத்து தேறவில்லை.

என் கணக்கு என்னவென்றால், கேட்டு முடித்ததும் எழுந்து போய் வாத்தியத்தில் கை வைக்கத் தோன்ற வேண்டும். ரசித்துவிட்டு நிம்மதியாகப் படுத்துத் தூங்க முடிகிற ஆல்பம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இந்தப் பட்டியலுக்கு ஆகாது. அப்படிப் பார்த்தால் எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதமே வெளியே போய்விடுகிறது. 1963-ல் இசைத்தட்டாக வந்தது. வேதக்கார வீட்டில் பிறந்த எனக்கே கோயில் ஸ்பீக்கர் புண்ணியத்தில் பாதி மனப்பாடம். ஆனால் அதைக் கேட்டு யாரும் வாத்தியத்தை எடுப்பதில்லை, பல் தேய்க்கத்தான் போகிறோம்.

என் முதல் இடம் அமெரிக்கப் பியானோக்காரர் கீத் ஜாரெட்டின் கொலோன் கச்சேரிக்கு. நீ சிரிப்பாய் என்று தெரியும். காபிக் கடையில் போடுகிற பியானோ என்று ஒருமுறை கிண்டல் செய்தாயே. 1975 ஜனவரி 24, ஜெர்மனியில் கொலோன் நகரத்து ஓபரா அரங்கம். ஏற்பாடு செய்தவர் பதின்வயதைத் தாண்டாத ஒரு பெண், வேரா பிராண்டஸ். ஜாரெட் கேட்டிருந்தது பெரிய பூஸன்டார்ஃபர் பியானோ. மேடையில் இருந்ததோ ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னது. மேல் ஸ்தாயி தகரம் தட்டுகிற மாதிரி, கீழ் ஸ்தாயியில் கனம் இல்லை, பெடலும் சரியாக வேலை செய்யவில்லை. அவருக்கு முதுகுவலி வேறு, தூக்கமும் இல்லை. வாசிக்க மாட்டேன் என்றே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறார். ஓபரா முடிந்த பிறகு, ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கச்சேரி. சுமார் 1,400 பேர்.

திருவிழா மேடையில் நமக்குக் கிடைத்த கீபோர்டுகளை நினைத்துப் பார். மூன்று கட்டை வேலை செய்யாது, ஆம்ப்ளிஃபயர் இரையும், அதற்குத் தக்கபடி ஸ்கேலை மாற்றிக்கொண்டு வாசிப்போம். அவரும் அதைத்தான் செய்தார். மேலேயும் கீழேயும் போவதைக் குறைத்துக்கொண்டு நடு ஸ்தாயியிலேயே நின்றார். கீழே கனம் இல்லாததால் இடது கையில் ஒரே உருவைத் திரும்பத் திரும்ப அடித்து அடித்தளம் கட்டினார். முதல் பகுதி இருபத்தாறு நிமிஷம். அதில் வெகு நேரத்துக்கு ஏ மைனர் செவன், ஜி மேஜர் என்று இரண்டே கார்டுதான், அதாவது சேர்ந்து ஒலிக்கிற இரண்டு ஸ்வரக் கூட்டு. எழுதி வைத்தது எதுவும் இல்லை. தொடக்கத்தில் வருகிற அந்தச் சின்ன மெட்டு, அரங்கத்தில் ஆட்களை உள்ளே அழைக்க அடிக்கிற மணியின் மெட்டு என்கிறார்கள். காதைத் தீட்டிக் கேட்டால் கூட்டத்தில் யாரோ சிரிப்பது கேட்கும்.

இதில் வேடிக்கை, தனிப் பியானோ ஆல்பங்களில் இந்த அளவுக்கு விற்றது வேறு இல்லை, ஜாரெட்டுக்கோ அது அவ்வளவாகப் பிடிக்காது. பல வருஷம் கழித்துத்தான் ஸ்வரப்படுத்திய புத்தகத்துக்கே சம்மதித்தார். அதுவும் பதிவைத்தான் கடைசி வார்த்தையாகக் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2018-ல் இரண்டு முறை பக்கவாதம் வந்து அவருடைய இடது கை ஓய்ந்துபோனது. அந்த ஆல்பத்தைத் தூக்கி நிறுத்தியதே இடது கைதான் என்பதால் அந்தச் செய்தியை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

அடுத்தது உனக்கும் பிடித்த ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ். 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், அவ்வளவுதான், பதிவு முடிந்தது. மைல்ஸ் கொண்டுவந்தது குறிப்புகள் மட்டும்தான். வாசித்தவர்களில் பெரும்பாலோர் அவற்றை ஸ்டூடியோவில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். நம் ஆட்களுக்கு இந்த ஆல்பம் இன்னொரு விதத்தில் பக்கம். 'ஸோ வாட்' பாட்டில் இருக்கும் டோரியன் ஸ்கேலை எடுத்துக்கொள். ச ரி2 க2 ம1 ப த2 நி2. சாட்சாத் நம் கரகரப்பிரியா ராகம்! நம் வித்வான் என்றால் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அசைத்து அசைத்தே அரை மணி நேரம் கட்டுவார். மைல்ஸ் அசைப்பதே இல்லை. ஸ்வரத்தை நேராக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பதினாறு பார் (நம் ஆவர்த்தம் மாதிரி) போனதும் ஆதார ஸ்வரமே அரை ஸ்தானம் மேலே ஏறும், எட்டு பார் அங்கே இருந்துவிட்டுப் பழைய இடத்துக்கே இறங்கும். தம்புரா போட்டுக்கொண்டு வாசிக்கிறவன் இதைச் செய்ய முடியுமா சொல். கீபோர்டுக்காரனுக்குக் கமகம் வராது, பிட்ச் பெண்ட் சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் அது கமகம் ஆகாது என்று நீ எத்தனை தடவை மட்டம் தட்டியிருக்கிறாய். அசைவே இல்லாமல் கரகரப்பிரியாவை வைத்து ஒரு உலகத்தையே கட்டலாம் என்று எனக்குத் தைரியம் கொடுத்தது இந்த ஆல்பம்.

அந்தக் காலத்தில் இந்தக் கேசட்டோடு சேர்ந்து வாசித்தால் ஏ பக்கம் சுதி சேராது, ஞாபகம் இருக்கிறதா? டேப் ரெக்கார்டரைத் திட்டுவோம். தப்பு அதன் மேல் இல்லை. ஏ பக்கப் பாட்டுகள் பதிவான முதல் நாளில் ஸ்டூடியோவின் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திருப்பிப் போடும்போது சுதி ஏறிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க அப்படியேதான் கேட்டிருக்கிறார்கள். 1990-களில் வந்த பதிப்புகளில்தான் திருத்தினார்கள்.

அது பதிவான இடம் நியூயார்க்கில் முப்பதாவது தெருவில் இருந்த கொலம்பியா ஸ்டூடியோ, ஒரு பழைய சர்ச். எனக்கு ஏன் அந்த எதிரொலி பிடிக்கிறது என்று இப்போது புரிகிறதா? நம் ஊர் ஊசிக்கோபுரம் சர்ச்சில் வாசித்துப் பழகின காது. அதே கட்டடத்தில்தான் பியானோக்காரர் க்ளென் கூல்ட், ஜெர்மன் இசைமேதை பாஹின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' உருப்படியை இரண்டு தடவை பதிவு செய்தார். 1955-ல் ஒரு தடவை, அப்போது வயது இருபத்திரண்டு. 1981-ல் மறுபடியும். முதலாவது முப்பத்தெட்டு நிமிஷம், இரண்டாவது ஐம்பத்தொன்று. தொடக்கத்தில் வருகிற ஏரியா என்ற மெட்டை இளைஞன் இரண்டு நிமிஷத்துக்குள் முடித்துவிடுகிறான், பெரியவருக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டாவது ஆல்பம் வெளிவந்த கையோடு, 1982 அக்டோபரில், ஐம்பது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்பாய். பழையதுதான். இரண்டாவதில் ஞானம் இருக்கிறது என்கிறார்கள், இருக்கட்டும். முதலாவதில் விரல் இருக்கிறது. என்னிடம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இரண்டையும் போட்டுக் காட்டுவேன். அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "யார் சார் பின்னால் முனகுறது?" வாசித்துக்கொண்டே கூல்ட் பாடுவது அப்படியே பதிவாகியிருக்கிறது. அவரால் வாயை மூடிக்கொண்டு வாசிக்க முடியாது.

பாஹ் என்றதும் நீ எதை எதிர்பார்க்கிறாய் என்று தெரியும். 'ஹவ் டு நேம் இட்', 1986. இளையராஜா அதைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பித்தார். உன் பட்டியலில் சினிமா இல்லாத இரண்டில் இதுவும் ஒன்று என்பதால் மன்னித்தேன். 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்' பகுதியை நீ ரீவைண்ட் பண்ணிப் பண்ணி நாடாவே தேய்ந்துபோனது. அதில் அடியில் ஓடுவது தனி வயலினுக்காக பாஹ் எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்ற தொகுப்பின் முதல் உருப்படி, பிரீலூட், ஈ மேஜர். மூச்சு விட இடமே கொடுக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் வி.எஸ். நரசிம்மனின் வயலின் நம் பாணியில் குழைந்துகொண்டு நுழையும். நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிப்பவனும், உட்கார்ந்து கணுக்காலில் ஊன்றி வாசிப்பவனும் ஒரே ஆளுக்குள் இருந்தால்தான் அது முடியும். சில இடங்களில் அதன் தாளம் இன்றைக்குப் பழசாகத் தெரிகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரே மெட்டு குரல் மாற்றிக் குரல் துரத்திக்கொண்டு வருகிற ஃப்யூக் என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது வாத்தியார் கொடுத்த புத்தகம் இல்லை, அந்தக் கேசட்தான். இரண்டு வருஷம் கழித்து வந்த 'நத்திங் பட் விண்ட்' எனக்கு இவ்வளவு ஒட்டவில்லை. ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழலுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் எழுந்து போய் வாசிக்கத் தோன்றவில்லை.

சக்தி குழுவை எப்படி விட்டாய் என்றுதான் எனக்கு ஆச்சரியம். வயலின்காரன் நீ, அதில் வயலின் வாசித்த எல். சங்கரை மறக்கலாமா! முதல் ஆல்பம் 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரி, 1976-ல் வெளிவந்தது. மொத்தம் மூன்றே உருப்படி. அதில் ஒன்று மட்டும் அரை மணிக்குக் கிட்ட. விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகீர் உசேனின் தபலாவும் பேசிக்கொள்கிற இடத்தில் ஜான் மெக்லாஃப்லின் கிட்டாரை நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்வார். தன் பெயரைப் போட்ட ஆல்பத்தில் ஒதுங்கத் தெரிந்த ஆள்! நம் குழுவில் ஒருவனுக்கும் அது வந்ததில்லை, நம் இருவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் ஸ்டூடியோவில் தாளத்துக்கு டிக் டிக் என்று ஓடுகிற கிளிக் டிராக்கைக் காதில் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருக்கிறது, தபலாக்காரர் யார் என்றே தெரிவதில்லை என்று எழுதியிருந்தாய். என் பட்டியலைத் திருப்பிப் பார்த்தால் மைல்ஸும் சக்தியும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தவர்கள். தனியாக உட்கார்ந்த இருவரில் ஜாரெட்டுக்கு எதிரே கூட்டம் இருந்தது, கூல்ட் தன் குரலோடேயே வாசித்தார். கிளிக்கைக் குறை சொல்ல மாட்டேன், அதில் காசு வருகிறது. ஆனால் தனித்தனியாகப் பதிந்து எழுபது டிராக்கில் கச்சிதமாக அடுக்கிய எதுவும் எனக்குப் பத்தில் ஒன்றாகத் தேறவில்லை என்பது உண்மை.

அப்புறம், அடுத்த கடிதத்தில் வயலின் ஆல்பம் ஒன்றாவது எழுது. லால்குடியா, எம்.எஸ். கோபாலகிருஷ்ணனா, டி.என். கிருஷ்ணனா என்று நாம் போட்ட சண்டை இன்னும் முடியவில்லை, நான் லால்குடி பக்கம்தான் இருக்கிறேன். பொங்கலுக்கு வருவதாக இருந்தால் கோயம்புத்தூரில் டர்ன்டேபிள் பெல்ட் கிடைக்கிறதா என்று விசாரித்து வாங்கி வா. அளவைத் தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். இங்கே கேட்டால் தையல் மிஷின் பெல்ட்டைக் காட்டுகிறார்கள்.

மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஜெபராஜ்