ஜூன் 28 மாலை: நம் பழைய இரவு இடங்களைப் பற்றிப் பேசக் கூடுகிறோம்

தோழமைகளுக்கு வணக்கம்.

1969 ஜூன் 28 விடியற்காலை, நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் கூடும் ஸ்டோன்வால் இன் பாருக்குள் போலீஸ் புகுந்தது. அன்று நம்மவர்கள் பணியவில்லை. தெருவில் எதிர்ப்பு பல நாள் நீடித்தது. 2016-ல் அந்த இடம் தேசிய நினைவுச்சின்னமே ஆகிவிட்டது.

மதுரையில் நம் இடங்களுக்கு ஏது பெயர்ப்பலகை? செகண்ட் ஷோ முடிந்து நின்ற டீக்கடை, பருத்திப்பால் வண்டி, யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடி. 2018 செப்டம்பர் 6 வரை, தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377 தலைக்கு மேல் தொங்கியதால் பலரும் எதையும் எழுதி வைக்கவில்லை. மூத்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

1. ஜூன் 28 ஞாயிறு, மாலை 5.30. அண்ணா நகரில் வழக்கமான மாடி. முகவரியை வெளியே பகிர வேண்டாம்.
2. மூத்த திருநங்கை அம்மாக்கள் முதலில் பேசுவார்கள். அவர்களை அழைத்து வர ஆட்டோ ஏற்பாடு யாரால் முடியும்?
3. பழைய போட்டோ இருந்தால் கையில் கொண்டு வாருங்கள். படத்தில் இருப்பவர் சரி என்று சொல்லாமல் குழுவில் போடவே கூடாது.
4. சம்மதிப்பவர்கள் பேசுவதை மட்டும் பதிவு செய்வோம். புனைபெயர் போதும்.
5. இரவு இட்லி உண்டு. அதனால் வருகிறவர்கள் வியாழனுக்குள் ‘வருகிறேன்’ என்று இங்கே போடுங்கள். குழுவில் சொல்லத் தயங்குபவர்கள் எனக்குத் தனியாக அனுப்பலாம்.