அந்த மூன்று விளக்குகளும் எனக்குத் தெரிந்தவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழின் மூன்றாம் பக்கத்தில் ‘வானில் மர்ம ஒளி: பறக்கும் தட்டா?’ என்று ஒரு செய்தியும் படமும் போட்டிருந்தீர்கள். கல்லூரி மாணவர் ஒருவர் மொட்டை மாடியில் நின்று கைபேசியில் எடுத்த படம். தலைப்பைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்த மாணவர் சொன்னதாக நீங்கள் அச்சிட்டிருந்த சில வரிகள் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டன. நான் 31 ஆண்டுகள் விமானப் பராமரிப்பில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். பெரும்பாலும் இரவு ஷிப்ட். அவர் விவரித்த விளக்குகளை என் கையாலேயே எத்தனையோ முறை கழற்றி மாட்டியிருக்கிறேன்.

அவர் சொன்னது இதுதான். முதலில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு. ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நின்றது, பிரகாசம் மட்டும் கூடிக்கொண்டே போனது. அப்புறம் மூன்றாகப் பிரிந்தது. இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு, நடுவில் கொஞ்சம் கீழே வெள்ளை. மூன்றுக்கும் இடையே கறுப்பாகப் பெரிய உடல் ஒன்று. சத்தம் இல்லை. திடீரென்று வெள்ளை அணைந்தது, சற்று நேரத்தில் மற்றதும் மறைந்துவிட்டது.

ஐயா, அந்தப் பிள்ளை மிக நன்றாகப் பார்த்திருக்கிறார். எந்த நிறம் எந்தப் பக்கம் என்பதைக்கூடக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். விமானத்தின் இடது சிறகு நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை. கப்பல்களிலிருந்து வந்த வழக்கம் இது. விமானம் நம்மை நோக்கி நேராக வந்தால் அதன் வலது சிறகு நம் இடப்பக்கம் இருக்கும். அதாவது இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு. அவர் பார்த்தது தன்னை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு விமானத்தின் முகம். விடையை அவரே சொல்லிவிட்டார். அதன் மேலே ‘மர்மம்’ என்று எழுதியது நீங்கள்.

ஐந்து நிமிடம் அசையாமல் நிற்குமா என்று கேட்பீர்கள். நிற்கும். நேரே நம்மை நோக்கி வரும் பொருளுக்குப் பக்கவாட்டு அசைவு கிடையாது, பெரிதாவதுதான் உண்டு. இரவில் அதுவும் தெரியாது, ஒளி கூடுவது மட்டுமே தெரியும். மணிக்கு 400 கிலோமீட்டரில் வரும் விமானம் ஐந்து நிமிடத்தில் 33 கிலோமீட்டர் கடந்துவிடும். முன்னால் எரிவது லேண்டிங் லைட், இறங்கும்போது போடும் பெரிய விளக்கு. என் காலத்து ஏர்பஸ் ஏ320-ல் சிறகுக்கு அடியில் மடங்கியிருக்கும், பைலட் சுவிட்சைப் போட்டால் வெளியே வந்து எரியும். ஒவ்வொன்றும் 600 வாட். தூரத்தில் இருக்கும்போது அந்த வெளிச்சத்தில் சிறகு நுனியின் சின்ன விளக்குகள் அமுங்கிப்போகும். நன்றாக நெருங்கிய பிறகுதான் கண்ணால் தனித்தனியாகப் பிரிக்க முடியும். ‘மூன்றாகப் பிரிந்தது’ என்பது இதுதான். சிறகுகள் நுனியில் சற்று உயர்ந்திருப்பதால் நடு விளக்கு கீழே தெரியும். அப்புறம் விமானம் திரும்பியது. லேண்டிங் லைட்டின் கற்றை குறுகலானது, திரும்பியதும் அது நம் கண்ணை விட்டு விலகிவிடும். பார்ப்பவருக்கு யாரோ அணைத்தது போல இருக்கும். சத்தமா? பத்துக் கிலோமீட்டரிலிருந்து ஒலி வந்து சேரவே அரை நிமிடம் ஆகும், அதுவும் இறங்கும் விமானத்தில் என்ஜின் வேகம் குறைத்திருப்பார்கள்.

கறுப்பு உடல்தான் மிச்சம். அவர் பொய் சொல்லவில்லை. இருட்டில் சில ஒளிப்புள்ளிகளைப் பார்த்தால் மனம் அவற்றைச் சேர்த்து ஒரு வடிவம் கட்டிவிடும். 1968 மார்ச் 3 அன்று சோவியத்தின் சோண்ட்-4 விண்கல ஏவுதலைச் சேர்ந்த பாகங்கள் அமெரிக்க வானத்தில் எரிந்து விழுந்தன. பார்த்தவர்களில் சிலர், வரிசையாக ஜன்னல்கள் ஒளிரும் சுருட்டு வடிவக் கலம் ஒன்று போனதாக எழுதிக்கொடுத்தார்கள். எரியும் துண்டுகளுக்கு நடுவே இருந்தது வெறும் வானம்.

எனக்கே இது நடந்திருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன், புது இடம். இரவில் மாடியில் நின்றபோது அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வெள்ளை ஒளி. மூன்று நிமிடம் பார்த்தேன், நகரவில்லை. நெஞ்சு படபடத்தது, உண்மையாகவே. பிறகு அதன் பின்னாலேயே, அது முதலில் இருந்த அதே இடத்தில், இன்னொரு ஒளி முளைத்தது. அப்போதுதான் உறைத்தது. என் முதுகுப்பக்கம் எங்கோ அருகில் ஒரு ரன்வே இருக்க வேண்டும், நான் அதன் அப்ரோச் பாதையின், அதாவது விமானங்கள் இறங்கி வரும் வழியின், அடியில் நிற்கிறேன். இறங்கும் விமானம் சுமார் 3 டிகிரிச் சரிவில் வரும். 30 கிலோமீட்டர் தூரத்தில் 1,500 மீட்டர் உயரம், 15 கிலோமீட்டரில் ஏறக்குறைய 750 மீட்டர். தூரமும் உயரமும் சேர்ந்தே பாதியாவதால் ரன்வே பக்கம் நிற்பவனுக்கு அது வானத்தில் ஒரே உயரத்தில் தொங்கும். இந்தத் தொழிலே செய்தவன் மூன்று நிமிடம் ஏமாந்தேன் என்றால், அந்த மாணவரை யாரும் கேலி செய்யக் கூடாது. உங்கள் செய்திக்குப் பிறகு செய்திருப்பார்கள் என்பதுதான் என் வருத்தம்.

நீங்கள் பெரிதாக்கிப் போட்ட படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் தெரியும் வட்டத் தட்டு ஃபோகஸ் தவறிய ஒளிப்புள்ளி. கைபேசியில் ஜூம் செய்தால் கேமரா ஃபோகஸைத் தேடி முன்னும் பின்னும் போகும், புள்ளி ஊதிச் சுருங்கும், வீடியோவில் அது துடிப்பது போலத் தெரியும். லென்ஸின் திறப்பு என்ன வடிவமோ அந்த வடிவத்தில் புள்ளி விரியும். அமெரிக்கக் கடற்படையின் வீடியோ ஒன்றில் முக்கோணங்கள் பறந்ததாக ஆண்டுக்கணக்கில் பேச்சு. அந்த முக்கோணம் இரவுப் பார்வைக் கருவி வழியாகக் கேமராவில் பதிவானதால் வந்தது என்று 2022 மே மாதம் நாடாளுமன்றக் குழு முன்னால் கடற்படை உளவுத்துறை அதிகாரியே விளக்கினார்.

நான் இவ்வளவு எழுதக் காரணம் லேசர். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இரவு விளக்குகளைப் பார்த்து மர்ம டிரோன் என்று பீதி கிளம்பியது. எஃப்.பி.ஐ.க்கு 5,000-க்கும் மேற்பட்ட தகவல்கள் போயின, மேற்கொண்டு விசாரிக்க 100 கூடத் தேறவில்லை. சட்டப்படி பறந்த டிரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், நட்சத்திரங்கள் என்றுதான் அரசு அமைப்புகளின் கூட்டறிக்கை சொன்னது. ஆனால் அதற்குள் விமானங்கள் மேல் லேசர் அடிப்பது கூடிவிட்டது, எஃப்.பி.ஐ. எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. லேசர் ஒளி காக்பிட் கண்ணாடியில் பட்டால் கண்ணாடி முழுக்கப் பரவும். தரையைத் தேடிக்கொண்டிருக்கும் பைலட்டுக்குச் சில விநாடி ஒன்றும் தெரியாது. ‘தட்டு’ என்று நம்பி ஒரு பையன் லேசரை நீட்டினால், அந்தத் ‘தட்டின்’ விளக்குகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த விளக்குகள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, மறைக்க மாட்டேன். விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பாக மின்னும் பீக்கனை என்ஜின் கிளப்பும் முன்பே போட்டுவிடுவார்கள். அது மின்னினால் தரையில் இருக்கும் நாங்கள் என்ஜின் பக்கம் போக மாட்டோம். என்னை 31 ஆண்டு முழு உடம்போடு வீட்டுக்கு அனுப்பிய விளக்கு அது. சிறகு நுனியின் வெள்ளை ஸ்ட்ரோப் மின்னும் வேகத்துக்குக்கூட விதி இருக்கிறது, நிமிடத்துக்கு 40-க்குக் குறையக் கூடாது. எல்லாமே ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று மற்றவருக்குச் சொல்லத்தான். அவற்றைப் பார்த்து மக்கள் பயப்பட வேண்டியதில்லை.

வானத்தில் விளக்கமில்லாதது எதுவுமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை இப்படி ஒரு தகவல் வந்தால், அச்சேற்றும் முன் விமானத் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சீராக மின்னியதா, எந்த நிறம் எந்தப் பக்கம், எந்தத் திசை, எத்தனை மணி என்று பார்த்தவரிடம் கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்கள்.

சரி, இந்தக் கடிதத்தை அந்த மாணவரிடம் காட்டினால் நன்றி உள்ளவனாக இருப்பேன். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். வெள்ளை அணைந்த பிறகு கடைசியாக மிஞ்சியது சிவப்பா, பச்சையா? சிவப்பு என்றால் விமானம் அவருக்கு இடப்பக்கமாகப் போயிருக்கும். பச்சை என்றால் வலப்பக்கம். அவர் அதையும் நிச்சயம் கவனித்திருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு எலக்ட்ரீஷியன்