மீன் பெட்டி கொடுத்த அக்காவுக்கு

சனிக்கிழமை காலை சுங்கை சிப்புட்டில் கிளினிக் வாசலில் பூனைக்கூடையோடு நின்ற அக்காவுக்கு இந்த நன்றி. அந்தப் பதற்றத்தில் பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

மகள் வளர்க்கும் ஆக்ஸலாட்டல், அதாவது தண்ணீரிலேயே வாழும் சாலமண்டர் வகைப் பிராணி (மைலோ என்று பெயர், நிறம் என்னவோ வெள்ளை), தீனி தொடாமல் கிடந்தது. செவுள் இறகுகளில் பஞ்சு ஒட்டியதுபோல் பூஞ்சை. மெக்சிகோவின் சொச்சிமில்கோ ஏரிப் பிராணி. 16 முதல் 18 டிகிரி தண்ணீர்தான் அதற்கு ஒத்துவரும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் பழுதானதும் நம் ஊர் வெக்கையில் தொட்டி 29-க்கு ஏறிவிட்டது. கிளினிக்கில் நாய், பூனை மட்டும்தானாம். பல்லி மாதிரி இருக்கே என்று சிரிப்பு வேறு.

"அழாதீங்க தங்கச்சி, முதல்ல சூட்டைக் குறைப்போம்" என்று காரிலிருந்து ஐஸ் போட்டு மீன் வைக்கும் பெட்டியை எடுத்தீர்கள். ஐஸைத் தண்ணீரில் கொட்டவிடவில்லை. பையில் கட்டி வெளிப்பக்கம் வைத்தீர்கள். சட்டென்று குளிர்ந்தாலும் அதற்கு ஆகாது என்றீர்கள். தொட்டித் தண்ணீர் ஒரு போத்தல் எடுத்துப் போகச் சொன்னதும் நீங்கள்தான். ஈப்போவில் இதெல்லாம் பார்க்கும் டாக்டருக்கும் நீங்களே போன் போட்டுப் பேசினீர்கள்.

டாக்டர் முதலில் கேட்டதே அந்தப் போத்தலைத்தான். அம்மோனியா ஏறியிருந்தது. உப்புக் குளியல், குளோரின் நீக்கிய தண்ணீரைத் தினமும் கொஞ்சம் மாற்றுவது, அவ்வளவுதான் வைத்தியம். இப்போது மண்புழுவை லபக்கென்று விழுங்குகிறான்.

பெட்டி என்னிடம்தான் இருக்கிறது அக்கா. எந்தத் தாமான் (குடியிருப்பு) என்று மட்டும் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். பூனைக்கு இப்போது எப்படி இருக்கிறது?