மூக்கடைத்த குரலும் மஞ்சள் குளிசையும்

ஸ்காபரோ, கனடா,
ஆவணி, ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அப்பாவும் தம்பியும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

போன கிழமை போனில் மூன்று தரம் கேட்டீர்கள், "என்னடி பிள்ளை, அழுகிறியோ?" என்று. மூன்று தரமும் இல்லை என்றேன். நீங்கள் நம்பவில்லை என்பது உங்கள் பெருமூச்சிலேயே தெரிந்தது. அம்மா, நான் அழவில்லை, என் மூக்குத்தான் அடைத்திருந்தது. அதைப் போனில் விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் உங்களுக்கு அடுப்பில் பால் பொங்கிவிடும், எனக்கு நித்திரை வந்துவிடும். ஒன்பதரை மணித்தியால வித்தியாசத்தில் எங்களுடைய எந்தக் கதையும் முடிகிறதில்லை. சின்னம்மாவின் மகன் பத்து நாளில் ஊருக்கு வருகிறான். அவனிடம் எழுதியே கொடுத்துவிடுகிறேன். முழுக்க வாசியுங்கோ. கடைசியில் அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது, முக்கியமாக அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இங்கே வந்து முதல் இரண்டு வருஷமும் எனக்கு ஒன்றும் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் பனி கரைந்த கையோடு மூக்கைச் சிந்திக்கொண்டு திரிவார்கள். "செம்மண் புழுதியிலும் சோளகக் காற்றிலும் வளர்ந்த மூக்கு, இதுக்கெல்லாம் அசையாது" என்று பகிடி விட்டவள் நான். மூன்றாம் வருஷம் நன்றாகவே அசைந்துவிட்டது. இது பூந்தூளால், அதுதான் மகரந்தத்தால், வருகிற ஒவ்வாமை. புதுத் தூள் ஒன்றை உடம்பு உடனே பகையாளியாக எடுக்காதாம். சில பருவம் மூச்சோடு உள்ளே போய்வந்த பிறகுதான் சண்டைக்கு நிற்குமாம். வேறு நாட்டிலிருந்து வருகிற கனபேருக்கு இப்படிச் சில வருஷம் கழித்துத்தான் தொடங்குகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் பேர்ச், ஓக், மேப்பிள் என்று மரங்கள் தூள் கொட்டும். யூன், யூலையில் புல். ஓகஸ்ட் நடுவளவில் றாக்வீட் என்ற களை தொடங்கினால் முதல் உறைபனி விழும்வரை ஓயாது. நல்லூர்த் திருவிழாவுக்கும் அதற்கும் ஏதோ பொருத்தம். நீங்கள் அங்கே தேரைப் பார்த்துக் கண்கலங்கி நின்றிருப்பீர்கள். நான் இங்கே யூரியூப்பில் அதே தேரைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். பக்தி பாதி, றாக்வீட் பாதி.

இதில் ஒரு வேடிக்கை. மே கடைசியில் கார்க் கண்ணாடி, வாசற்படி எல்லாம் மஞ்சள் தூவி விட்ட மாதிரிக் கிடக்கும். அதைத்தான் நான் நாள் முழுக்கத் திட்டினேன். அது பைன் மரத்துத் தூளாம், பாரமானது, ஆட்களை அவ்வளவாகப் படுத்தாதாம். படுத்துகிறது கண்ணுக்குத் தெரியாத பேர்ச்சும் புல்லும். றாக்வீட்டிலும் இதே கதைதான். அந்த நேரம் றோட்டோரம் கோல்டன்றொட் என்று ஒரு செடி பளிச்சென்று மஞ்சளாகப் பூக்கும், சனம் எல்லாம் அதைப் பழி சொல்லும். அதன் தூள் தேனீயின் காலில் ஒட்டிப் போகிறது, காற்றில் பெரிதாகப் பறக்காது. றாக்வீட்டோ பூத்திருக்கிறது என்றே தெரியாமல் பச்சையாக நிற்கும். எங்கள் ஒழுங்கையிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள்தானே, பெயர் வேண்டாம்.

பகலில் வருகிற தும்மலைத் தும்மிவிட்டுப் போகலாம். எனக்கு வில்லங்கம் இரவில்தான். பாண் தொழிற்சாலையில் காலமை ஐந்தரைக்கு வேலை தொடக்கம். எட்டரைக்காவது படுக்க வேண்டும். கோடையில் அந்த நேரத்துக்கு இங்கே சூரியனே மறையாது. படுத்தால் இரண்டு மூக்கும் அடைக்கும், வாயால் மூச்சு விட்டுத் தொண்டை காய்ந்து எழும்புவேன். பிறகு அண்ணம் கடிக்கத் தொடங்கும். நாக்கால் அண்ணத்தைச் சொறிந்துகொண்டு விடியும்வரை கிடந்த இரவுகள் எத்தனையோ.

அப்போதுதான் நீங்கள் மாமியிடம் கொடுத்துவிட்ட மருந்துப் பை ஞாபகம் வந்தது. சித்தாலேப, மல்லி வேர்க்கொம்புத் தூள், அதற்கு அடியில் அந்தச் சின்ன மஞ்சள் குளிசைகள். தடிமன் வந்தால் நீங்கள் அரைக் குளிசை உடைத்துத் தருவீர்களே, அதேதான். ஒன்று போட்டேன். அரை மணித்தியாலத்தில் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை. அம்மாவின் கை மருந்துக்கு நிகரில்லை என்று நினைத்தேன்.

நாலாம் இரவு கழிந்த காலமை பஸ்ஸில் கண்ணை மூடினது மட்டும் தெரியும். சாரதி தோளில் தட்டினபோது கடைசித் தரிப்பில் இருந்தேன், பஸ்ஸில் வேறு ஒருவரும் இல்லை. அன்றைக்கு அரை நாள் சம்பளம் போனது. அதைவிட என்னைப் பயப்படுத்தினது அதற்கு முதல் நாள் நடந்தது, அதை உங்களுக்குச் சொல்லவில்லை. பாண் வெட்டும் மெசினுக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு கணம் தலை சாய்ந்துவிட்டது. கூட நின்ற பெண் கையைப் பிடித்து இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை, பயப்படாதேங்கோ.

அன்று பின்னேரமே குளிசைப் பெட்டியைக் கொண்டு பாமசிக்குப் போனேன். 2023இலிருந்து இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் இப்படியான சின்ன வருத்தங்களுக்குப் பாமசிக்காரரே மருந்து எழுதலாம். இல்லாவிட்டால் டொக்டரைப் பார்க்க நாள் பார்த்திருக்க வேண்டும். அங்கே நின்ற பாமசிக்காரப் பிள்ளை பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குளோர்பெனிரமைன். இதுக்கு உங்கட அம்மாவின் வயது இருக்கும்" என்று சிரித்தாள். பிறகு ஆறுதலாக இருந்து சொன்னாள். தும்மலைக் கிளப்புகிற ஹிஸ்டமின் என்ற பொருள்தான் மூளையில் எங்களை விழிப்பாகவும் வைத்திருக்கிறதாம். இந்த மாதிரிப் பழைய ஒவ்வாமைக் குளிசைகள் மூளைக்குள்ளும் போய் அதை அமத்திவிடும். அது அசத்தல், நித்திரை இல்லை. சரி, இரவு போட்டது காலமை போய்விடாதா என்று கேட்டேன். போட்டதில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்குமாம். நான் நாலு இரவு தொடர்ந்து போட்டிருந்தேன், கணக்குப் பாருங்கோ. கனடாவின் ஒவ்வாமை வைத்தியர் சங்கம் 2019இலேயே பழையதை விட்டுப் புதிய வகையைப் பாவிக்கச் சொல்லிவிட்டதாம். ஆனாலும் பழையது இங்கேயும் கடைத் தட்டில் முன்னுக்கேதான் இருக்கிறது.

அத்தோடு திருந்தினேனா என்றால் இல்லை. அவள் தந்த மருந்து முடிந்தபோது, அவசரத்தில் வேறு கடையில் "நித்திரை மயக்கம் தராது" என்று போட்டிருந்த பெட்டியை நானே எடுத்துவந்தேன். அதற்குள் மூக்கடைப்பு எடுக்கிற சூடோஎபெட்ரின் என்ற மருந்தும் சேர்ந்திருந்தது. மூக்குத் திறந்தது, கண்ணும் திறந்தது. இரவு மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க, முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிரெஷர் உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாதாம். இப்போது பெட்டியின் முன்பக்கத்தை நம்புகிறதில்லை, பின்பக்கம் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன்.

இப்போது நடக்கிறது இதுதான். காலமை பெக்ஸோபெனடின் குளிசை ஒன்று, தண்ணீரோடு. தோடம்பழச் சாறோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராதாம், எனக்குச் சாறு குடிக்கிற பழக்கம் வந்திருந்தபடியால் இதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. முதலில் செட்டிரிசின்தான் தந்தாள். கனபேருக்கு அது ஒத்துவரும், எனக்குக் கொஞ்சம் மந்தமாக இருந்ததால் மாற்றினாள். ஆனால் உண்மையில் என்னைக் காப்பாற்றினது மூக்குக்கு அடிக்கிற ஸ்பிறே. ஸ்டெரொயிட் என்று கேட்டவுடன் உங்களைப் போலவே நானும் திடுக்கிட்டேன். மூக்குக்குள்ளேயே நிற்கிற சின்ன அளவுதான், நித்திரையைக் குழப்பாது என்றாள். ஒரே நாளில் கேட்காது. எனக்குப் பத்து நாள் சென்றது, மற்ற ஆட்கள் இரண்டாம் நாளே கைவிட்டுவிட்டுக் கேட்கவில்லை என்பார்களாம். அதை அடிக்கவும் ஒரு முறை இருக்கிறது. நான் அண்ணாந்து, நேரே மேலே அடித்து, கசப்பெல்லாம் தொண்டைக்குள் போய் இருமினேன். அவள் வெறும் போத்தலை எடுத்துக் காட்டினாள். தலையைக் கொஞ்சம் குனிய வேண்டும், சாமித் தட்டில் பூவை மணக்கிற மாதிரி. இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. நுனி நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் கசியும். உறிஞ்சி இழுக்கக் கூடாது, மெதுவாக மூச்செடுத்தால் போதும். வருகிற வருஷம் மரங்கள் பூக்க ஒன்றிரண்டு கிழமைக்கு முன்னமே தொடங்கச் சொல்லியிருக்கிறாள்.

மிச்சம் எல்லாம் நீங்களே சொல்லியிருக்கக் கூடிய விஷயங்கள். வேலையால் வந்தவுடன் உடுப்பை வாசலோடு கழற்றிப் போடுகிறேன். படுக்க முதல் தலையோடு முழுகுகிறேன். இரவில் தலை முழுகாதே என்று நீங்கள் கத்துவது கேட்கிறது, ஆனால் நாள் முழுக்கத் தலைமயிரில் சேர்ந்த தூள்தான் இரவெல்லாம் தலையணையில் உதிர்ந்து மூக்குக்குள் போகிறது. தலையணை உறையை அடிக்கடி மாற்றுகிறேன். யன்னல் பூட்டித்தான் கிடக்கும். உடுப்பைக் கொடியில் காயப்போடுகிற பாக்கியமும் இந்தப் பருவத்தில் இல்லை, வெயிலில் காய்ந்த சீலையின் மணத்தை மறந்தே போனேன். உப்புத் தண்ணீரால் மூக்குக் கழுவுவதும் உதவுகிறது. அதற்குக் குழாய்த் தண்ணீரை நேரே எடுக்கக் கூடாது, கொதிக்க வைத்து ஆறின தண்ணீர்தான் வேண்டும்.

இனி அப்பாவின் கதை. சோளகம் தொடங்கினதிலிருந்து அப்பாவுக்கும் தும்மல், இரவில் மஞ்சள் குளிசை கொடுக்கிறேன், நல்லாக நித்திரை கொள்கிறார் என்றீர்கள். அதே போனில், காலமை எழும்பினால் கொஞ்ச நேரம் மாறாட்டமாகக் கதைக்கிறார், வயது போகிறதுதானே என்றும் சொன்னீர்கள். போனை வைத்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டினது. அடுத்த நாள் அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். எழுபது தாண்டினவருக்கு அந்தக் குளிசை வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். வயது போன உடம்பை விட்டு அது இன்னும் ஆறுதலாகத்தான் போகும். மாறாட்டம் வரும், கால் தடுமாறும். அதோடு அப்பாவுக்கு மூத்திரம் போகிற கஷ்டம் ஏற்கனவே இருக்கிறது, அதை அடைத்தும் விடுமாம். இரவில் இரண்டு தரம் எழும்பி இருட்டுக்குள் முற்றத்தால் போகிற மனுஷன். நினைக்கவே பயமாக இருக்கிறது. இன்றிரவே நிற்பாட்டுங்கோ. அப்பா போடுகிற மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போய், தும்மலுக்கு மயக்கம் தராத குளிசை எது ஒத்துவரும் என்று டொக்டரிடம் கேளுங்கோ. லொராடடின், செட்டிரிசின் எல்லாம் யாழ்ப்பாணத்திலேயே வாங்கலாம், ஆனால் டொக்டர் சொல்லட்டும். மாறாட்டம் குறைகிறதா என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கோ. குறையாவிட்டாலும் சொல்லுங்கோ, மறைக்காதேங்கோ.

இன்னொன்று. பின்வளவில் அப்பா வெறுங்கையால் பிடுங்குகிற பார்த்தீனியமும் இங்கத்தைய றாக்வீட்டும் ஒரே குடும்பம். இந்திய இராணுவம் வந்த காலத்தில் வந்தது என்று ஊரில் சொல்வார்களே, அந்தச் செடிதான். தும்மலும் தரும், தோலும் கடிக்கும். பூக்க முதல் தம்பி கையுறை போட்டுப் பிடுங்கட்டும். அப்பா கதிரையில் இருந்து பிழை சொல்லிக்கொண்டிருக்கட்டும், அவருக்கும் பொழுது போகும்.

சின்னம்மாவின் மகன் திரும்பி வரேக்க மருந்து ஒன்றும் கொடுத்துவிட வேண்டாம். வேப்பம்பூ வடகம் இருந்தால் ஒரு போத்தல் தாருங்கோ. வருகிற ஞாயிறு எடுக்கிறேன். மூக்கடைத்த குரல் கேட்டால் இன்னும் றாக்வீட் முடியவில்லை என்று எடுங்கோ. அழுதால் நானே சொல்லுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவள்