விட்டுப்போன ஒரு 'ஏ'

காசிமேடு
ஜூன் 16

பாப்பாவுக்கு,

நைனா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உங்கம்மா போனைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். அதுவுமில்லாமல் இந்த விஷயமெல்லாம் எழுதிக் காட்டினால்தான் மண்டையில் ஏறும்.

நைட் டியூட்டி நோட்டில் 'பேஷன்ட் ஷோஸ் லிட்டில் இம்ப்ரூவ்மென்ட்' என்று எழுதியிருக்கிறாய். காலையில் வந்த சிஸ்டர், 'ராத்திரி எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தவருக்கு முன்னேற்றமே இல்லையா?' என்று கேட்டிருக்கிறார். நீயும் 'அதைத்தானே எழுதினேன், கொஞ்சம் முன்னேற்றம் என்று' என அழாத குறையாகச் சொன்னாய். அந்தம்மா கேட்டது நியாயம்தான். 'லிட்டில்' என்று மொட்டையாக எழுதினால் 'சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை' என்று அர்த்தம். 'ஏ லிட்டில்' என்றால்தான் 'கொஞ்சம் பரவாயில்லை'. நடுவில் இருப்பது ஒரே ஒரு எழுத்து.

இதே குழியில் உன் நைனாவும் விழுந்து எழுந்தவன்தான். உனக்குச் சொன்னதில்லை. 1984, டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு ஹார்பர் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் சேர்ந்த புதிது. பருப்பு மூட்டைகள் நனைந்து வந்திருந்தன. நஷ்ட ஈடு கேட்டு லெட்டர். மேனேஜர் 'ஏ ஃப்யூ பேக்ஸ் வேர் ஃபவுண்ட் வெட்' என்று சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். அந்த 'ஏ' எனக்கு இருமல் மாதிரிதான் காதில் விழுந்தது. விட்டுவிட்டேன். அவரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பத்து நாள் கழித்து எதிர்த்தரப்பிலிருந்து பதில்: நனைந்த மூட்டை இல்லை என்றே சொல்லலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் எதற்கு நஷ்ட ஈடு? 'ஏ ஃப்யூ' என்றால் சில. வெறும் 'ஃப்யூ' என்றால் இருந்தும் இல்லாத கணக்கு. மேனேஜர் என்னைத் திட்டவில்லை. அந்தக் கடிதத்தை என் டைப்ரைட்டர் மேல் வைத்துவிட்டுப் போனார். அதுக்குத் திட்டியிருக்கலாம்.

நம் ஆட்கள் 'ஏ, ஆன், தி' தமிழில் கிடையாது, அதனால்தான் வரவில்லை என்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 'மீன் வாங்கினேன்' என்று நான் சொன்னால் ஏதோ ஒரு மீன். 'மீனை வாங்கிட்டேன்' என்று சொன்னால் உங்கம்மா 'எந்த மீனை?' என்று கேட்கவே மாட்டாள். நேற்றிலிருந்து பேசிக்கொண்டிருந்த வஞ்சிரம் என்று அவளுக்குத் தெரியும். அந்த 'ஐ'தான் 'தி'. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வேற்றுமை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அது செய்கிற இந்த வேலையைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். எல்லா இடத்திலும் இது செல்லாது. ஆளுக்கு இந்த வித்தியாசம் வராது. எந்த டாக்டராக இருந்தாலும் 'டாக்டரைப் பார்த்தேன்' என்றுதான் சொல்லியாக வேண்டும். ஆனால் பொருளுக்கு நீ தினமும் சரியாகச் சொல்கிறாய், யோசிக்காமலே.

அதனால் எழுதும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்: எதைச் சொல்கிறேன் என்று எதிராளிக்கு ஏற்கெனவே தெரியுமா? இங்கே காசிமேட்டில் 'தடை முடிஞ்சுது' என்றால் போதும். எந்தத் தடை என்று டீக்கடைப் பையன்கூடக் கேட்க மாட்டான். அது 'தி பேன்'. உன் வார்டில் இருக்கிற வெள்ளைக்காரப் பெண்ணிடம் அப்படி ஆரம்பித்தால் முழிப்பாள். முதலில் 'ஏ' போட்டு, வருஷா வருஷம் ஏப்ரல் 15லிருந்து 61 நாள் விசைப்படகுக்கு ஒரு மீன்பிடித் தடை உண்டு என்று சொல். அவளுக்குத் தெரிந்த பிறகு 'தி' போடு.

'ஏ' போடுவதா 'ஆன்' போடுவதா என்பது சின்ன விஷயம். நாம் 'ஒரு வீடு', 'ஓர் ஊர்' என்கிற மாதிரிதான். ஆனால் எழுத்தைப் பார்க்காதே, சத்தத்தைக் கேள். எம்.ஆர்.ஐ.க்கு 'ஆன்', எக்ஸ்ரேக்கு 'ஆன்', ஹவருக்கும் 'ஆன்', 'ஹெச்' வாயில் வராததால். யூரின் சாம்பிளுக்கு 'ஏ'. எழுத்து 'யூ' என்கிற உயிரெழுத்தாக இருந்தாலும் சத்தம் 'ய'வில் ஆரம்பிக்கிறது. பழைய இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் 'ஆன்'தானாம். 'ஒன்' என்ற சொல்லும் அதே வேர். பேசிப் பேசித் தேய்ந்துதான் 'ஏ' ஆனது. நம் தெரு கிரிக்கெட்டில் சண்டைக்கு முதல் காரணமான 'அம்பயர்'கூட ஒரு காலத்தில் 'நம்பயர்' மாதிரி ஒரு சொல். முன்னால் இருந்த 'ஏ' அதன் 'ந'வைத் திருடிக்கொண்டு 'ஆன்' ஆகிவிட்டது.

எதுவுமே போடக்கூடாத இடமும் இருக்கிறது. எனக்குப் பிடித்ததே அதுதான். உன் தாத்தா பன்னிரண்டு வயதில் கட்டுமரம் ஏறியவர். அவர் 'வென்ட் டு சீ'. 'தி' கிடையாது, ஏனென்றால் அது தொழில். சாயங்காலம் கால் நனைத்துவிட்டு சுண்டல் தின்ன வருகிறவர்கள் 'வென்ட் டு தி சீ'. அவர்களுக்கு அது வெறும் இடம். பள்ளிக்கூடத்துக்கும் இப்படித்தான். படிக்கப் போனது நீ, அதனால் உனக்கு 'டு ஸ்கூல்'. பீஸ் கட்ட வந்தது நான், எனக்கு 'டு தி ஸ்கூல்'. இப்போது உன் போன மாத மெசேஜை எடுத்துப் பார். 'ஐ ஆம் இன் ஹாஸ்பிடல், கால் யூ லேட்டர்'. இங்கிலாந்துக்காரன் படித்தால் நீ கட்டிலில் படுத்திருக்கிறாய் என்றுதான் நினைப்பான். வேலைக்குப் போனவள் 'அட் தி ஹாஸ்பிடல்' என்று எழுதவேண்டும். அமெரிக்காவில் நோயாளிக்குமே 'இன் தி ஹாஸ்பிடல்' என்பார்கள். அவர்கள் கதை வேறு.

இன்னொன்று, உன் வேலைக்கு முக்கியம். 'ஹி ஹேஸ் ஏ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல். 'ஏ' இல்லாமல் சொன்னால், அது யாருக்குத்தான் இல்லை? அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட் மூன்றுக்கும் 'ஆன்' போடாதே, எண்ண முடியாத சரக்கு. பெயர்களுக்குக் காரணம் தேடாதே. 'தி பே ஆஃப் பெங்கால்' உண்டு, 'தி கூவம்' உண்டு, நம்ம பழவேற்காடு ஏரி, அந்தப் புலிக்காட் லேக்குக்கு மட்டும் இல்லை. நீ இருக்கிற ஊருக்கே இங்கிலாந்து என்றால் ஒன்றுமில்லை, 'யூ.கே.' என்றால் 'தி'. பழகப் பழக வந்துவிடும்.

நேற்றிலிருந்து விசைப்படகெல்லாம் போக ஆரம்பித்துவிட்டது. விலை இன்னும் இறங்கவில்லை, இருந்தாலும் அம்மா விடியற்காலையிலேயே ஏலத்துக்குப் போய் வந்துவிட்டாள். உள்ளேயிருந்து 'மீனை ஆஞ்சாச்சு, மொளகா அரைச்சித் தர்றியா இல்லியா' என்று மூன்றாவது முறையாகக் கத்துகிறாள். மீதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன்
நைனா