கேஸ் வண்டி தட்டாதாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தின் கேள்வி பதிலில், 'கேஸுக்கு ஆக்டேன் அதிகம். டர்போ வண்டியானாலும் நாக்கிங் வராது. வந்தால் மெக்கானிக்கை மாற்றுங்கள்' என்று போட்டிருந்தீர்கள். (நாக்கிங் என்றால் எரிபொருள் கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது. அதை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்கிற எண்தான் ஆக்டேன்.) அதை நானாகப் படிக்கவில்லை. இருபது வருஷமாக என்னிடம் வண்டி விடும் ஆர்.கே.புரத்து சார் ஒருவர், பட்டறை வாசலில் நின்று, பையன்கள் முன்னால் செல்போனைப் பார்த்து உரக்க வாசித்துக் காட்டினார். "என்னப்பா, நம்ம பேப்பரே சொல்லுதே!" மாற்றப்பட வேண்டிய மெக்கானிக் அடியேன்தான்.

சி.என்.ஜி. என்கிற அழுத்திய இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன், அதன் ஆக்டேன் 120 அளவில் என்பதெல்லாம் சரி. ஆனால் கேஸ் எஞ்சின் செய்கிறவர்கள் பார்ப்பது, கேஸ் எவ்வளவு தட்டாமல் தாங்கும் என்று காட்டும் மீத்தேன் எண் என்கிற வேறு கணக்கு. சுத்த மீத்தேனுக்கு 100, ஹைட்ரஜனுக்கு 0. புரொப்பேன், பியூட்டேன் கலப்பு கூடக்கூட அது இறங்கும். தாங்கள் அறியாததா? இடம் போதவில்லை போலும். பக்கத்திலேயே சீட் கவர் விளம்பரம் அரைப் பக்கத்துக்கு இருந்தது.

சாருடையது டர்போ பெட்ரோல் வண்டி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறெங்கோ சி.என்.ஜி. கிட் போட்டுவிட்டார். மீத்தேன் மெதுவாக எரியும், அதனால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, முன்னால் தள்ள ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். சாதா எஞ்சினுக்கு அது பொருந்தும். டர்போவோ காற்றை அமுக்கித் திணிக்கிறது, அமுக்க அமுக்கக் காற்று சூடேறும். பெட்ரோலாவது ஆவியாகும்போது கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். கேஸ் ஏற்கெனவே ஆவி, அந்த உதவியும் இல்லை. இதற்கு மேல் டைமிங்கும் முன்னால் போனால், பிளக் வைத்த தீ வந்து சேருமுன்பே சிலிண்டர் ஓரத்துக் கலவை தானாக வெடித்துவிடுகிறது. மே மாத வெயில், 45 டிகிரி, ஏ.சி. வேறு, டர்போ காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர் இடுக்கெல்லாம் தில்லிப் புழுதி. கியரைக் குறைக்காமல் மேம்பாலம் ஏறினார், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம்.

கம்பெனியே டர்போவோடு சி.என்.ஜி. தருவதும் உண்டு. அதில் தட்டலைக் காதுகொடுத்துக் கேட்கும் நாக் சென்சார் முணுமுணுத்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். சார் வண்டியில் இருந்த பெட்டிக்குக் காது கிடையாது.

கழற்றிய பிஸ்டன் என் மேஜை மேல்தான் இருக்கிறது. விளிம்பு எலி கொறித்த ரொட்டி மாதிரி. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கடுகைவிடப் பொடியாக அலுமினிய மணிகள். எடுத்துக் காட்டினேன். சார் பிஸ்டனைப் பார்க்கவில்லை, மறுபடியும் செல்போனைத்தான் பார்த்தார்.

தில்லிப் பேருந்துகளெல்லாம் சி.என்.ஜி.க்கு மாறவேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன காலத்திலிருந்து கேஸ் வண்டியோடுதான் என் பிழைப்பு. பம்ப் வரிசையில் ஆட்டோவுக்குள்ளேயே தூங்கி எழுந்த டிரைவர்களைப் பற்றி அப்போதே உங்களுக்கு எழுதினேன். வரவில்லை. போன வருஷம், 'குளிர்காலத்தில் எஞ்சினைப் பத்து நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள்' என்று அறிவுரை போட்டீர்கள். அதற்கும் எழுதினேன். தில்லித் தமிழன் என்றால் கும்பாபிஷேகத்துக்கும் சங்கத் தேர்தலுக்கும்தான் இடம். அப்புறம், மெக்கானிக் படம் போடும்போதெல்லாம் ஏன் மூஞ்சியில் கிரீஸ்? நாங்களும் குளிக்கிறோம் ஐயா.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'டர்போ வண்டியில் வெளிக் கிட் போட்டிருந்தால் முதலில் டைமிங்கைச் சோதிக்கவும்' என்று வரும் ஞாயிறு ஒரு வரி திருத்தம் போடுங்கள். சீட் கவர் விளம்பரத்துக்குக் கீழே என்றாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்,
கரோல் பாக், புது தில்லி