லெபோ பிஷப் அலுவலகத்திலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பினாங்கு ஜார்ஜ்டவுன், லெபோ பிஷப் தெருவில் இருந்த என் வழக்கறிஞர் அலுவலகத்தை இந்த மாதத்தோடு மூடுகிறேன். 29 ஆண்டுகளாக ஆலயங்கள், ஆதரவற்றோர் இல்லங்கள், இளைஞர் மன்றங்கள் என்று பொதுக் காரியம் செய்பவர்களுக்காகவே வேலை பார்த்தேன். கிளம்பும் முன் சிலருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். விளம்பரம் விரும்பாதவர்கள், அதனால் பெயர் போடவில்லை.

முதலில், பிறையிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு. ஒரு பிள்ளைகள் இல்லத்துக்காக ஊரார் வெள்ளி வெள்ளியாகக் காசு சேர்த்து நிலம் வாங்கினார்கள். பட்டா மட்டும் அப்போதைய சங்கத் தலைவர் பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். நில விலையோ பல மடங்கு ஏறியிருந்தது. வாரிசுகள் உரிமை கேட்டிருந்தால் இல்லம் வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் நின்றிருக்கும். அவருடைய மனைவியான அந்த அம்மா, இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு ஃபெரி படகில் வந்தார். "இது ஊர் சொத்து தம்பி, எங்கே கையெழுத்து போடணும்னு சொல்லுங்க" என்றார். தேநீர்கூடக் குடிக்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் வாரிசுரிமை நிர்வாகப் பத்திரம் பெற்று, நிலத்தைச் சங்கத்தின் பெயருக்கே மாற்றினோம். சங்கங்கள் சட்டம் 1966, 9ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. பதிவதிகாரியின் சான்றிதழ் பெற்ற மூன்று பொறுப்பாளர்கள் கையெழுத்திட்டு, சங்க முத்திரை வைத்தால் போதும். தலைவர் மாறினாலும் நிலம் மாறாது. அப்புறம் என்னிடம் வந்த ஒவ்வொரு சங்கத்திடமும் நான் கேட்ட முதல் கேள்வி, "பட்டா யார் பெயரில்?" என்பதுதான். அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது அந்த அம்மாதான்.

அடுத்து, ஓய்வுபெற்ற கணக்காளர் ஐயாவுக்கு. பிஸ்கட் டின்னில் ரசீதுகளைப் போட்டுக்கொண்டு வரும் பொருளாளர்களோடு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து கணக்கை ஒழுங்குபடுத்துவார். ஒரு காசு வாங்கியதில்லை. நான் தொடக்கத்தில் எழுதிய ஓர் அமைப்பு விதியில், சங்கம் கலைந்தால் மிச்சப் பணம் எங்கே போகும் என்பதைச் சேர்க்க மறந்திருந்தேன். அது இல்லாமல் வருமான வரிச் சட்டம் 44(6)இன் அங்கீகாரம் கேட்க முடியாது என்று அவர்தான் பிடித்தார். அந்த அங்கீகாரம் கிடைத்தால், நன்கொடை தருபவர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். நிறுவனங்கள் அதைப் பார்த்துத்தான் பெரிய தொகை தருகின்றன. அவர் அன்று கவனித்திராவிட்டால் அந்தச் சங்கத்துக்கு எத்தனை நன்கொடை கைநழுவியிருக்குமோ, நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

என் அலுவலக எழுத்தரான கிராணி அக்காவுக்கும் நன்றி. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். யார் கூட்டம் என்றைக்கு நடந்தது என்று நாட்காட்டியில் குறித்து வைத்து, செயலாளர்களைத் தொலைபேசியில் விடாமல் அழைத்தவர் அவர். வேலை முடிந்து இரவில் கூட்ட அறிக்கை எழுதிய அந்தச் செயலாளர்களுக்கும் என் வணக்கம்.

சரி, ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கத்தின் அசல் பத்திரங்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்து வந்து, கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக வர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்